கனடாவிலிருந்து வந்த பாகல் விதை

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். கனடாவிலிருந்து வந்த என் தங்கை பயணப் பையைத் திறந்ததும் முதலில் எடுத்தது ஒரு மருந்துக் குளிசைப் போத்தல். அதற்குள் பாகல் விதை. கலியாணம் முடித்துப் போகும்போது எங்கள் வளவிலிருந்து கொண்டு போனதாம். இத்தனை வருடமும் பிரிட்ஜுக்குள் வைத்திருந்தாளாம். இனி முளைக்குமோ என்று என்னைக் கேட்டாள்.

நான் நம்பவில்லை. விதையென்றால் நாங்கள் சாம்பலில் பிரட்டி, அடுப்படிப் புகையில் கட்டித் தூக்குவோம். ஐஸில் கிடந்தது எங்கே முளைக்கப் போகிறது? ஆனால் என் சந்தேகம் விதையோடு நிற்கவில்லை. இந்த வீடும் வளவும் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தவை. காணி உறுதிப் பத்திரம் இன்னும் அவள் பெயரில்தான். அவள் போனபின் நானும் மனைவியும் இங்கே வந்திருந்து, வேலி அடைத்து, கிணறு இறைத்து, எங்கள் வீடென்றே பழகிவிட்டோம். வெறும் பாகற்காய்க்காக ஒருத்தி இவ்வளவு தூரம் பறந்து வருவாளா?

விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். சில மிதந்தன, எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தாழ்ந்தவற்றைக் கிணற்றடியில் ஊன்றினாள். முளைத்தால் பந்தல் போட்டு, காய் பறித்துவிட்டுத்தான் போவேன் என்று என் மனைவியிடம் சொன்னாளாம். இன்றைக்குப் பந்தல், நாளைக்கு? அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாலும் விலை மதிக்கிறாளோ என்று நினைத்தேன். அந்த விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகட்டும் என்று விரும்பினேன். தோட்டம் செய்கிறவன் விரும்பக்கூடாத விருப்பம்தான்.

ஒரு கிழமைக்கு மேலாக மண் அசையவில்லை. பிறகு ஒருநாள் காலை முகம் கழுவப் போனபோது கண்டேன். ஒரு முளை, தலையில் விதைக்கோதோடு நின்றது. காலால் நசுக்கவில்லை, அந்தளவுக்குப் பாவி இல்லை நான். பக்கத்தில் கிடந்த தென்னோலைக் கிடுகுத் துண்டை எடுத்து மேலே போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

தேத்தண்ணி குடிக்கும்போது, அது பழைய விதை, இனிப் பார்த்துக்கொண்டிருந்து பிரயோசனமில்லை என்று தங்கையிடம் சொன்னேன்.

"நான் விடியவே பாத்திட்டன் அண்ணை," என்றாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை.

அவள் போனை எடுத்துக் கனடாவிலுள்ள கணவனை அழைத்தாள்.

"ஓம், முளைச்சிட்டுது. டிக்கெட்டைப் பின்னுக்குப் போடுங்கோ. அண்ணையோடையும் கொஞ்சம் கதைக்கக் கிடக்கு."