குகைக் குளத்தில் கேட்ட குரல்

டெல்ஃபினா பொய் சொல்கிறவள் அல்ல. பொஹோல் தீவில் எங்கள் தெருவில் மீன் விற்கிறாள். எடையில்கூட ஏமாற்றத் தெரியாதவள். அவளுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவள் மகள் இஸாய்க்கு அப்போது ஏழு வயது. காது நன்றாகக் கேட்கும். பேச்சு மட்டும் வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு சொல்கூட இல்லை. டாக்டர்கள், மாதா கோயில் நேர்த்திக்கடன், எல்லாம் பார்த்தாயிற்று.

பிறந்தநாளுக்கு மகளைச் சுண்ணாம்புக் குகைக்குக் கூட்டிப் போனாள். பட்டப்பகல்தான். வெளியே நல்ல மழை, அதனால் வேறு ஆளில்லை. வழிகாட்டி கிரிஸ்போ முன்னால் நடந்தான்.

"குனிஞ்சு வாங்கக்கா. மண்டை உடைஞ்சா பாறை மன்னிப்புக் கேக்காது."

இஸாய் சத்தமில்லாமல் சிரித்தாள்.

அடியில் குளம். விளக்கொளியில் நீலமாகக் கிடந்தது. மேலே தொங்கும் பாறைகளிலிருந்து சொட்... சொட்... என்று நீர் விழுந்துகொண்டிருந்தது.

பட்டென்று கரண்ட் போனது.

"அசையாதீங்க! ஜெனரேட்டரைப் போட்டுட்டு வந்துடறேன்."

கிரிஸ்போவின் டார்ச் வெளிச்சம் படியேறி மறைந்தது. டெல்ஃபினா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். கை வெறும் இருட்டைத் துழாவியது.

"இஸாய்?"

கூப்பிட்டால் பதில் வராது. அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினாள். மண்டியிட்டுத் தவழ்ந்தாள். முழங்கால் கிழிந்தது. 'மாதாவே, என்னை எடுத்துக்கோ, அவளை விட்டுடு...'

அப்போதுதான் கவனித்தாள். சொட்டும் சத்தம் நின்றிருந்தது.

"அம்மா."

குளத்திலிருந்து.

லேசான கரகரப்பு. இதுவரை கேட்டிராத குரல். ஆனால் பெற்ற வயிற்றுக்குத் தெரிந்தது.

"அம்மா... இங்க ஆழமில்லை. வா."

இறங்கினாள். இடுப்பளவு. கழுத்தளவு.

"வர்றேன்டி தங்கம்... இன்னொரு தடவை பேசு..."

கால் தரையில் பாவவில்லை.

யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். கிரிஸ்போ!

"அக்கா! பைத்தியமா? பாப்பா என் பின்னாடியே மேல வந்துடுச்சு!"

"விடுடா! எம்பொண்ணு பேசுறா! விடு!"

அவன் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை.

விளக்கு வந்தது. குளத்தில் யாருமில்லை.

குகை வாசலில், டிக்கெட் கொடுக்கும் பெண்ணின் குடைக்குள் இஸாய் நின்றிருந்தாள். வாய் மூடியபடி.

குரல் கேட்டதை டெல்ஃபினா மகளிடம் சொல்லவே இல்லை. கிரிஸ்போவும் அதற்குப் பிறகு அவர்கள் கண்ணில் படவில்லை.

போன மாதம் இஸாய் பேசிவிட்டாள். தெருவே கொண்டாடியது. டெல்ஃபினா மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி, சந்தோஷப்பட வேண்டாமா?"

"அதே குரல்..." என்றாள். "மீன் கழுவிட்டு இருந்தேன். பின்னாடி வந்து நின்னா. அவ பேசின முதல் பேச்சு என்ன தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"'அம்மா... அன்னிக்கு ஏன் பாதியில திரும்பிட்டே?'"