மடிக்காமல் விட்ட நுனி

பெரியவளுக்கு வயிற்றெரிச்சல். அதை மூடி மறைப்பானேன்? அந்த ஆஸ்பத்திரியில் விஷவாயு, கதிர்வீச்சு என்று எந்த ஆபத்து வந்தாலும் பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கிய நர்ஸ் அவள்தான். அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி நேற்று வந்தவள். இவள் இருந்த அதே ஆபத்துக்கால நர்ஸ் குழுவில் சேர்ந்தாள், வெளியூர்ப் பயிற்சிக்குப் போனாள், இப்போது தலைவியாகவும் ஆகிவிட்டாள். வீட்டிலோ மாமியார் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஒரே வீடு, ஒரே வேலை. எரியாமல் என்ன செய்யும்?

அன்று காலை பூச்சிமருந்து லாரி கவிழ்ந்தது. மருந்தில் நனைந்தவர்களை வாசல் கூடாரத்தில் கழுவிய பிறகே உள்ளே விடலாம். கழுவுகிறவர்களுக்குத் தலை முதல் கால் வரை மூடிய உடை. அதைத் தானாக மாட்டவோ கழற்றவோ முடியாது, ஜோடி ஆள் வேண்டும். ஆள் பற்றாக்குறையில் சின்னவளுக்குப் பெரியவள்தான் ஜோடி.

“நீங்க டேப் ஒட்டினா எனக்குப் பயமே இல்லக்கா,” என்று சின்னவள் கைகளை நீட்டினாள்.

“தலைவியம்மா சொன்னா சரிதான்.”

ஐஸ் வைக்கிறாளாம். பெரியவள் மனசுக்குள் கரித்துக் கொட்டியபடியே கையுறைக்கும் உடைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றினாள். கடைசியில் நுனியை மடித்து விட வேண்டும். தடித்த கையுறையோடு டேப்பைப் பிரிக்க அந்த மடிப்புதான் பிடி. தூக்கத்தில்கூட அவள் மறக்காத வேலை அது. அன்று மறந்தாள்.

கழுவி முடித்து வெளியே வரும்போது சின்னவள் தள்ளாடினாள். உடைக்குள் அப்படியொரு வெக்கை. மேலெல்லாம் விஷத்தண்ணீர் சொட்டியது. டேப் வராமல் கையுறை வராது, கையுறை வராமல் உடை வராது.

“முடியலக்கா.”

பெரியவள் நுனியைத் தேடித் தேடித் தடவினாள். அகப்படவில்லை. சின்னவள் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பாவி, நானே இவளைக் கொன்றுவிட்டேனே என்று பெரியவளின் மனசு அடித்துக்கொண்டது. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, வழுக்க வழுக்க டேப்பை வெட்டி, உடையை உரித்து, அவளைச் சுத்தமான பக்கத்துக்கு இழுத்துப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சின்னவள் கண் திறந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

“நுனிய ஏன் மடிக்கல?” குழுவுக்குப் பொறுப்பான டாக்டர் கேட்டார்.

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். “அக்கா மடிச்சாங்க டாக்டர். நான்தான் துருத்திக்கிட்டு இருக்குன்னு தேய்ச்சு ஒட்டிட்டேன்.”

“தலைவி பண்ற வேலையா இது? இனிமே உங்க அக்காவே குழுப் பொறுப்பப் பாக்கட்டும்.”

இத்தனை காலம் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும். ஆனால் கட்டிலில் கிடக்கும் அந்தச் சாந்தமான முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இவளுக்குத்தான், நல்லவள் என்ற பேருமா இவளுக்கே?

“பொய் சொல்றா டாக்டர்,” என்றாள். “மடிக்காம விட்டது நான்தான்.”