பிடிக்கச் சொன்ன பணம்

நான் எதற்கும் பயப்படுகிறவள். பஸ் கொஞ்சம் பிந்தினாலே நாலு தரம் சாலையில் இறங்கி எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு காரியத்தில் இறங்கினேன் என்றால், அதற்கும் பயம்தான் காரணம்.

என் வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். ஒரு பங்குனியில் அவருக்கு வலது தோளில் வலி கண்டது. தைலம் தேய்த்துவிடும்போதெல்லாம் எனக்கு ஒரே கவலை. இந்தக் கை ஓய்ந்துவிட்டால் வயதான காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் எதை வைத்துச் சாப்பிடுவது? நான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவில் இருக்கிறேன். ஓய்வுக்காலத்துக்கென்று சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கிற பி.எஃப். உண்டு, நிர்வாகமும் தன் பங்கைப் போடும். என் சம்பளத்துக்கு அது பெரிதாக ஒன்றும் சேராது.

விருப்பப்பட்டால் அதற்கு மேலும் பிடிக்கச் சொல்லலாம் என்று கணக்குப் பிரிவுத் தோழி சொன்னாள்.

"ஆனா அந்தக் கூடுதலுக்கு மேனேஜ்மென்ட் ஒண்ணும் போடாதுமா. பூரா உன் காசுதான். வட்டி மட்டும் பி.எஃப். வட்டியே வரும். வைத்தியம், வீடுன்னா கொஞ்சம் எடுக்கலாம், மத்தபடி ரிட்டயர் ஆகறப்பதான். இன்னொண்ணு, நம்ம ஆபீஸ்ல ஏப்ரல்ல சொல்லிட்டா வருஷம் பூரா புடிப்பாங்க. நடுவுல நிறுத்தமாட்டாங்க."

நிறுத்தமாட்டார்கள் என்றதும் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஐப்பசி மழையில் தறிக்குழி ஈரமாகி நெசவு நின்றுபோனால்? நடுவில் யாராவது உடம்புக்கு வந்து படுத்துக்கொண்டால்? குழம்பிக் குழம்பி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை செவிலிமேடு நிறுத்தத்தில் பல்கலைக்கழக பஸ் ஹாரன் அடிக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"இன்னாங்க, இனிமே என் சம்பளத்துல கூடக் கொஞ்சம் புடிப்பாங்க. செலவப் பாத்து செய்யணும்."

அவர் தறியிலிருந்தபடியே தலையாட்டினார். நான் ஓடிவிட்டேன்.

அதிலிருந்து மனிதருக்குப் பேச்சே குறைந்துபோனது. டீக்கடைக்குப் போவதையும் நிறுத்தினார். வலி முற்றிவிட்டது, மறைக்கிறார் என்று நான் பதறினேன். டாக்டரிடம் போகலாம் என்றால், "ஒண்ணும் இல்லமா" என்பார்.

ஒரு சாயங்காலம் நான் பஸ் இறங்கி வந்ததும் ஒரு கட்டு நோட்டை என் எதிரில் வைத்தார்.

"இந்தா. மொதல்ல உன் கடனக் கட்டு."

"இன்னா கடன்?"

"ஆபீஸ்ல புடிக்கிறாங்கன்னு சொன்னியே. யாருக்கு வாங்கிக் குடுத்தன்னு நான் கேக்கல. மொதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கியாந்துட்டேன்."

அவர் எதை நினைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. நெசவு வீடுகளில் கூலி குறைந்து வந்தால் அதற்கு ஒரே காரணம்தான். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், ஒவ்வொரு புடவையாகத் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்கும்போது முதலாளி அதைக் கூலியில் கழித்துக்கொள்வார். ஒன்று தீர்வதற்குள் கல்யாணம், காய்ச்சல் என்று அடுத்தது வந்துவிடும். சேமிப்பதற்காக ஒருவர் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வார் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எந்தத் தோளுக்காக நான் பயந்தேனோ, அந்தத் தோளையே எனக்காக அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? ஒரு வார்த்தை கேட்டா இன்னா?" என்று கத்திவிட்டு அழுதேன். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் நம்பாமல் பார்த்தார்.

"புடிக்கிறது நமக்கேவா?"

"நமக்கேதான்."

"வட்டியும் அவங்களே குடுக்கறாங்களா?"

"ஆமாங்க."

நோட்டுக்கட்டைத் துணியில் சுற்றினார். "காலையில திருப்பிக் குடுத்துடறேன்" என்றார்.

நான் எழுந்து அடுப்படிக்குக் கிளம்பினேன். அவர் சுற்றிய துணியைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏம்மா, குடுக்கப் போறப்ப மொதலாளிய ஒண்ணு கேட்டுப் பாக்கட்டுமா? எனக்கும் அந்த மாதிரி கூலியில புடிச்சு சேத்து வெக்கச் சொல்லி?"

நான் தைலத்தை எடுத்து வந்து, அவர் தோளில் தேய்த்துவிடப் பின்னால் உட்கார்ந்தேன்.