நாற்காலிக்காக முங்கியவர்கள்

ஒரே படத்தை ஐந்து வாரம், ஒரு நாளைக்கு மூன்று காட்சி ஓட்டிவிட்டு, அதன் முடிவு தெரியாமல் இருந்த மடையன் நான். எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்து டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன்.

ஆபரேட்டர் படம் பார்ப்பதில்லை. மெஷின் விளக்கில் கார்பன் குச்சி ஒழுங்காக எரிகிறதா என்று பார்ப்பான். ரீல் முடியப்போகும் அடையாளமாகத் திரையின் மூலையில் புள்ளி விழுந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்றுவான். கடைசி ரீல் ஓடும்போது நான் முந்தின ரீலைத் திருப்பிச் சுற்றிக்கொண்டிருப்பேன். முத்துக்குளிக்கிறவர்கள் குத்தகைக்காரனை எதிர்க்கும் படம் என்ற அளவில் தெரியும். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாளே ஒரு காட்சி கீழே உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

அப்போது நானும் ஒரு புரட்சியாளன். வார லீவே இல்லாத டாக்கீஸில், மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். ஆளுக்கு வாரம் ஒரு நாள் லீவு கிடைத்தது. ஒரு நாளைக்கு ஒருத்தருக்குத்தான். அதை எழுதும் நோட்டு என் கைக்கு வந்தது. எல்லா ஞாயிறையும் என் பெயருக்கே எழுதினேன். தலைவன் களைத்துவிடக் கூடாதே!

கேட்டில் டிக்கெட் கிழிக்கும் அந்தோணி அண்ணாச்சி வந்தார்.

"ஏலே, வாற ஞாயித்துக்கெழம மகளுக்குப் புதுநன்மை, மொத மொதல்ல நற்கருணை வாங்குதா. கோயில்ல நான் பக்கத்துல நிக்காண்டாமா? உன் லீவ எனக்குத் தா."

"நோட்டுல எழுதினா எழுதினதுதான் அண்ணாச்சி. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாவ."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தப் படத்தோட முடிவப் பாத்தியாலே?"

"நான்தான ஓட்டுதேன்!"

"ஓட்டுதது சரி. இன்னைக்கு மேட்னிக்குக் கீழ வந்து உக்காரு."

தலைவருக்கு மரியாதை செய்யக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். உதவி ஆபரேட்டரிடம் மெஷினை விட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு இறங்கினேன்.

திரையில், குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டும் குத்தகைக்காரனைத் துரத்துகிறார்கள். ஒருவன் அந்த நாற்காலியைக் கடலில் எறிகிறான். எறிந்தவனையே தலைவன் என்று தோளில் தூக்குகிறார்கள். நான் விசிலடித்தேன்.

கடைசி ரீல். இப்போது குடைக்குக் கீழே தலைவன் நிற்கிறான். கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கடலில் முங்குகிறார்கள். சிப்பி எடுக்கத்தான் என்று நினைத்தேன். அன்று எறிந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அது ஈரம் சொட்டச் சொட்ட, தலைவன் ஏறி உட்கார்ந்தான். காதில் ரத்தம் வழிய ஒருவன், "இன்னைக்கு ஒரு நாளு என்னைய விட்டுரு" என்று கெஞ்சினான். தலைவன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பெஞ்சு டிக்கெட்காரர்கள் திரையைப் பார்த்து ஏசினார்கள். கதவோரம் நின்ற எங்கள் டாக்கீஸ் ஆட்கள் நாலு பேரும் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அதிகாரம் கைக்கு வந்தா மனுசன் எப்படி மாறிப்போறான் பாத்தீயளா அண்ணாச்சி? இனிமே நம்ம டாக்கீஸ்ல..." என்று உருக்கமாக ஆரம்பித்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி நீட்டினார்.

"பேச்சு கெடக்கட்டும், லீவ எழுதுலே."