கம்பு என்னுடையது, ரீல் ஹனிபாவுடையது

பெப்ரவரி ஏழாம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஹந்தானை மலை உச்சியில் வெயில், கீழே கண்டி டவுனில் இன்னும் விலகாத குளிர். போன் திருத்தும் கடையொன்றுக்கு மேலே, பத்தொன்பது படி ஏறிப் போனால் மீன்பிடிச் சாமான் கடை. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் எனக்குத் தலை சூடேறிவிட்டது. ஏற்கெனவே பிரஷருக்கு இரண்டு குளிசை போடுகிறவன் நான்.

எனக்கு வேண்டியது ஒரு தூண்டில் கம்பு. கம்பு மட்டும். இதைச் சொல்ல எத்தனை சொல் வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

"கம்பு தனியா வாறதில்ல அங்கிள். ரீலோட செட்டாத்தான் வரும். இந்தா பாருங்க, பாஸ் செட்."

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தாடிக்குள் சிரித்துக்கொண்டு ஒரு நீளப் பெட்டியை மேசையில் வைத்தார். பெட்டியின் மேல் ஒரு பச்சை மீன், என் தலையே உள்ளே போகிற அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு துள்ளுகிறது.

"இந்த மீன் மகாவலியில இருக்கா?"

"இல்ல."

"நுவரெலியாவுல?"

"இலங்கையிலயே இல்ல அங்கிள். பாஸ்ங்கிறது அமெரிக்கா மீன். செட்டுக்குப் பேர் அப்படி. எல்லாரும் லூலாவுக்குத்தான் வாங்கிட்டுப் போறாங்க."

விரால் மீனைத்தான் இந்தப் பக்கத்தில் லூலா என்கிறோம். ஆக, இல்லாத மீனுக்கான கம்பை இருக்கிற மீனுக்காக, நூல் சுற்றுகிற, எனக்கு வேண்டாத ரீலோடு சேர்த்து நான் வாங்க வேண்டும். சுவர் முழுக்கப் போலி இரைகள்: ரப்பர்த் தவளை, ரப்பர் எலி, கண் வைத்த இறால். நூற்றுப் பதினெட்டு வரை எண்ணினேன். அதற்குள் அவர் பேச்சுக் கொடுத்துக் குழப்பிவிட்டார்.

"எத்தன கிராம் எறிவீங்க? அதுக்கேத்த மாதிரித்தான் கம்பு எடுக்கணும். லேசான இரைக்கு வளையிற கம்பு, தவளைக்கு விறைப்பான கம்பு."

"ஒரு மேசைக்கரண்டி," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, ரப்பர்ப் புழுப் பாக்கெட் ஒன்றைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "மணந்து பாருங்க. மீன் விடாது." பெருஞ்சீரக வாசம். அமெரிக்க மீனுக்குப் பெருஞ்சீரகம் பிடிக்குமாம். எனக்கோ அது என் கூட்டாளி ஹனிபாவின் சட்டைப்பை வாசம். ஆற்றங்கரையில் நின்றால் அவன் வாய் பெருஞ்சீரகம் மென்றுகொண்டே இருக்கும். பிஸ்மி சொல்லி, இரைக்குக் கட்டிய கரண்டியில் ஒரு துப்புத் துப்பித்தான் எறிவான். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், துப்பாமல் எறியடா என்று.

ஹனிபாவை நான் சந்தித்தது ஏலத்தில். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலம். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்துத் துரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பங்களா முற்றத்தில் சாமான்களுக்கு இலக்கம் ஒட்டிப் பரப்பியிருந்தார்கள். ஊரெல்லாம் கதிரைக்கும் அலுமாரிக்கும் வந்திருந்தது. நான் கண்டியில் ஒரு தேயிலைப் பெட்டிக் கம்பனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் இருநூற்றுப் பத்து ரூபாய். துரையின் தூண்டில் கம்புக்காகவே இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன். ஆற்றோரம் அவர் நின்று வீசியதைச் சிறு வயதில் பார்த்தவன்.

ஏலம் போட்ட பெரிய கிளார்க்குக்கு மீன்பிடி பற்றி ஒன்றும் தெரியாது. கம்புக்கு ஒரு இலக்கம், ரீலுக்கு வேறு இலக்கம் ஒட்டிவிட்டார். கம்பை நாற்பத்தைந்து ரூபாய்க்கு எடுத்தேன். கையில் மிச்சம் பஸ் காசு. அடுத்ததாக ரீலைத் தூக்கிக் காட்டியதும் பின்னாலிருந்து ஒரு குரல், "அறுபது!" திரும்பிப் பார்த்தேன். ஒல்லியாக, பிரம்புக் குச்சி போல ஒருத்தன். மாமனாரின் புடவைக் கடையில் துணி அளக்கிறவன் என்பது பிறகு தெரிந்தது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தான்.

"கம்ப மட்டும் வச்சி என்னத்தப் புடிக்கப் போறீங்க? மாங்காயா?"

"ரீல மட்டும் வச்சி நீங்க என்னத்தப் புடிக்கிறது? பட்டம் விடவா?"

கண்டி வந்து சேர்வதற்குள் ஒப்பந்தம் முடிந்தது. கம்பு என் வீட்டில் இருக்கும். ரீல் அவன் வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை குண்டசாலை ஆற்றங்கரையில் இரண்டையும் பூட்டுவோம். ஆளுக்குப் பத்து எறிதல். பத்து முடிந்ததும், நூல் உள்ளே வந்ததும், கேட்காமலே கை மாற்றிக் கொடுக்க வேண்டும். யார் பிடித்தாலும் மீன் பாதி பாதி. மற்றவனுக்குத் தெரியாமல் ஆற்றுக்குப் போகவே முடியாத ஏற்பாடு. கலியாணத்தில்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

இறக்குமதி எல்லாம் நின்றிருந்த காலம். நைலோன் தங்கூஸ் நூலை யாராவது கப்பலில் வந்தவன் விற்றால் கெஜக் கணக்கில் வாங்குவோம். இரைக்கு என்ன செய்வது? கரண்டிதான். பிடியை அறுத்துவிட்டு, சைக்கிள் கடையில் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, ஒரு பக்கம் நூல், ஒரு பக்கம் முள். தண்ணீருக்குள் இழுத்தால் அது புரண்டு புரண்டு மின்னும். லூலாவுக்குக் கோபம் வரும், வந்து அடிக்கும். ஹனிபாவின் உம்மாவிடம் விருந்துக்கென்று எடுத்துவைத்த ஆறு மேசைக்கரண்டிகள் இருந்தன. அவன் தங்கச்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் வந்த அன்று, வட்டிலாப்பம் வைக்கும்போது உம்மா எண்ணினார். மூன்றுதான் இருந்தன.

"மத்தக் கரண்டியெல்லாம் எங்கடா?"

"ஒண்டு ஆத்துல, உம்மா. ரெண்டு இவன்ட பையில."

வந்தவர்கள் முன்னால், சாட்சியாக நான் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சம்பந்தம் நடந்தது. மாப்பிள்ளைக்கும் மீன் பைத்தியம்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. பிறகு அவனுடைய அண்ணன் லண்டனுக்குக் கூப்பிட்டான். புறப்படுவதற்கு முதல் நாள் போய்ச் சொன்னேன்:

"அங்க உனக்கு என்னத்துக்கு ரீல்? வச்சிட்டுப் போ."

"நீ கம்பத் தா, கொண்டு போறன். ஒனக்கு என்னத்துக்குத் தனியா?"

"கம்பு என் காசுல வாங்கினது."

"ரீல் மட்டும் ஒன்ட காசா?"

இரண்டு பேரும் கொடுக்கவில்லை. ரீலைக் காலுறைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான். நாற்பத்தாறு வருடம். நான் இன்னொரு ரீல் வாங்கவில்லை. வசதி வந்த பிறகும் வாங்கவில்லை. வாங்கினால் ஒப்பந்தம் முடிந்தது என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அவன் அல்லவா போனவன்? முடிக்கிறதென்றால் அவன் முடிக்கட்டும்.

போன மாதம் ஹனிபாவிடமிருந்து போன் வந்தது. மருமகன் ஒருத்தனின் கலியாணத்துக்கு மூன்று வாரம் வந்திருக்கிறான்.

"கம்பு ஈக்கா?" நலம் விசாரிக்கவில்லை. இதுதான் முதல் கேள்வி.

"இருக்கு."

"அப்ப எட்டாந்திகதி ஞாயித்துக்கெழம போவோம்."

ரீல் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும். போனை வைத்துவிட்டு அலுமாரிக்குப் பின்னால் கை விட்டேன். கம்பு இல்லை. வீடு முழுக்கத் தேடினேன். சமையலறை மூலையில், நுனி முறிந்து, முறிந்த இடத்தில் தும்பு விளக்குமாறு கட்டி, கரி பிடித்து நின்றது.

"இது என்ன?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"ஒட்டறைக் கம்பு. இருவது வருஷமா இதுலதான் அடிக்கிறேன். இப்பதான் கண்ணு தெரிஞ்சிச்சா உங்களுக்கு?"

இருபது வருடமாக அதே கம்பால் என் தலைக்கு மேலே ஒட்டறை அடித்திருக்கிறாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால்தான் அந்தப் பத்தொன்பது படி ஏறினேன்.

"ரீலைக் கழற்றி நீங்களே வச்சிக்கிட்டுக் கம்பை மட்டும் தாங்க, பாதி விலைக்கு," என்று கடைக்காரரிடம் கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ரீல் வேணாம்னு ஒருத்தர் சொல்றத இப்பதான் கேக்கிறேன். ரீல் இல்லாம எப்படி எறிவீங்க?"

"கூட்டாளி கொண்டு வருவான்."

"அவரும் ஒரு செட் வாங்கினா ஆளுக்கொண்ணு ஆச்சே. தனித்தனியா நிம்மதியா புடிக்கலாமே."

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உலகத்தில் எல்லாவற்றையும் ஆளுக்கொரு செட்டாகப் பெட்டியில் அடைத்துவிட்டு, பக்கத்து மனிதனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்? விறைப்பான கம்புள்ள செட்டாகவே எடுத்தேன். பின்னல் நூல்தான் பலம் என்று அவர் எவ்வளவோ சொல்லியும் சாதாரணத் தங்கூஸ் ஒரு சுருள் வாங்கினேன், ஹனிபாவின் பழைய ரீலுக்கு. கரண்டி வடிவத்தில் ஒரே ஒரு இரை தூசு பிடித்துக் கிடந்தது. அதையும் எடுத்தேன். வீட்டில் ரீலை அதன் சின்னப் பெட்டியோடு, எங்கே போனாலும் தோளில் மாட்டிக்கொள்ளும் குடைப்பையின் அடியில் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கொண்டுபோய் அந்த ஆளின் மேசையில் வைத்துவிட வேண்டும் என்று எண்ணம்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குக் குண்டசாலை. முச்சக்கரவண்டியில் போய் இறங்கினால் ஆற்றுக்குப் போகிற ஒற்றையடிப் பாதை இல்லை. மதில். மதிலுக்குள் ஒரு கலியாண மண்டபம், புல்வெளி, ஊஞ்சல், வாசலில் டிக்கட் கூண்டு. ஆற்றைப் பார்க்கக் காசு! உள்ளூர்க்காரனுக்கு முந்நூறு, வெளிநாட்டவருக்கு ஆயிரம். அரைக் காற்சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக ஹனிபா அங்கே நின்றுகொண்டிருந்தான். குச்சி இப்போது உரலாகியிருந்தது. கூண்டுக்காரனிடம் சிங்களத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். இங்கே பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் பிறந்தவனுக்கு ஆயிரம் ரூபாயா என்று கேட்டான். அதற்கு அவன், அப்படியானால் அடையாள அட்டையைக் காட்டு என்றான். ஹனிபாவிடம் இருந்தது வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் வங்கி அட்டையும்தான். அவனுக்கும் நானே கட்டினேன்.

நாங்கள் மீன் பிடித்த காலத்தில் அங்கே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு பாறைகள், ஏழாவதில் நின்று எறிந்தால் சுழிக்குள் போய் விழும். கீழே அணை கட்டிய பிறகு தண்ணீர் ஏறி நின்றுவிட்டது. பாறை ஒன்றுகூடத் தெரியவில்லை. பிளாஸ்டிக் போத்தல்கள் கரையை ஒட்டி அசையாமல் நின்றன. கலியாண ஜோடியொன்று படமெடுக்க வந்திருந்தது. கமராக்காரன் எங்களைப் பார்த்து, "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, படத்துல விழுறீங்க," என்றான். நான் முதல் முதலாக லூலா பிடித்த இடத்தில் நின்றுகொண்டு!

ஹனிபா தோள்பையைத் திறந்து, ஐந்து துண்டாக மடித்த கம்பு ஒன்றை எடுத்துப் பூட்டினான். அதிலேயே பளபளவென்று ஒரு ரீல்.

"ரீல் எங்கடா?" என்றேன்.

"இந்தா ஈக்கே."

"இது இல்ல. நம்ம ரீல்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். "அதா... வீடு மாறக்குள்ள சாமானெல்லாம் வாசல்ல போட்டு வித்தோம்டா. ஒரு கெழவன் வந்து லண்டன் காசு ரெண்டு பவுணுக்குக் கேட்டான். குடுத்துட்டன்."

"ரெண்டு பவுண்!"

"கத்தாத. கம்பு இல்லாத ரீல வச்சி நான் என்ன செய்ய? முப்பது வருஷம் வச்சித்தான் பாத்தன்." பிறகு என் கையைப் பார்த்தான். "இது தொரை கம்பு இல்லயே? விலை ஒட்டினதுகூடக் கழட்டல்ல."

"அது வீட்டுல இருக்கு," என்றேன். பொய் இல்லை. மூலையில்தான் இருக்கிறது.

"ரீல் இல்லாமயா கம்பு கொண்டு வந்த? இன்னம் அதே பைத்தியமாடா ஒனக்கு?"

என் குடைப்பைக்குள் ரீல் கிடந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் நானும் ஆளுக்கொரு செட்காரன். கட்டைக் குச்சி மாதிரி அந்தக் கம்பை ஊன்றிக்கொண்டு, உடம்பெல்லாம் எரிய, நின்றேன். அவன் பையிலிருந்து எதையோ வாயில் போட்டு மென்றான். பிஸ்மி சொன்னான். துப்பினான். எறிந்தான்.

எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன். பழக்கம் விடவில்லை. ஏழாவதில் ஒரு ஷொப்பிங் பை மாட்டியது. அதுவும் ஒன்றுதான், எப்போதும் அப்படித்தான் கணக்கு. எட்டு. ஒன்பது. பத்தாவது எறிதலில் நூல் முழுக்க உள்ளே வந்தது. ஹனிபா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பை மட்டும் பக்கவாட்டில் என் பக்கம் நீட்டினான்.

வாங்கினேன். பத்து எறிந்தேன். கொடுத்தேன். ஒன்பது மணி வரை இப்படியே. மீன் ஒன்றும் இல்லை. அவன் மேல் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பவுண்!

வாசலில் அவன் ஏறி உட்கார்ந்த வண்டியை நிறுத்தி, குடைப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

"என்னடா இது?"

"உன் பங்கு. இதையாவது விக்காத."

திறந்து பார்த்தான். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். "அப்ப நீ தனியா எப்பிடிடா புடிப்ப?"

"போடா," என்றேன்.

அவன் லண்டனுக்குப் புறப்பட்டுப் பத்து நாளாகிறது. புதுக் கம்பு அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. தொட்டால் கையை முறிப்பேன் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். துரையின் ரீல் எந்தக் கிழவனிடமோ. ஏழு பாறையும் தண்ணீருக்கடியில். கணக்கு இது: செட் பதினெண்ணாயிரத்து ஐந்நூறு, தங்கூஸ் ஆயிரத்து முந்நூற்றைம்பது, கரண்டி தொள்ளாயிரத்தைம்பது, ஆற்றைப் பார்க்க ஆயிரத்து முந்நூறு, முச்சக்கரவண்டி போக வர இரண்டாயிரம். மீனும் இல்லாமல், ரீலும் இல்லாமல், மொத்தம் இருபத்து நாலாயிரத்து நூறு ரூபாய்.