நம்பர் போட்ட கதவு

உத்திரமேரூர் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில்லை வாடகைக்கு எடுத்து, சென்னையில் இடித்துத் தள்ளிய வீடுகளின் கதவுகளைக் கொண்டுவந்து இறக்கினேன். சுவரே இல்லாமல் பதினோரு கதவுகளை வரிசையாக நிறுத்த வேண்டும்; கண்காட்சிக்கு நான் செய்துகொண்டிருந்த சிற்பம் அதுதான். ஊரில் யாருக்கும் அது விளங்கவில்லை. தினமும் யாராவது வண்டியை நிறுத்தி, "கதவு இன்னா வெல?" என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இடிப்பதற்கு முன்பு அதிகாரிகள் வந்து கதவில் சிவப்புப் பெயிண்டால் எழுதிவிட்டுப் போவார்களே, அந்த நம்பர் ஒரே ஒரு கதவில்தான் அழியாமல் இருந்தது. காயலான் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கியது. அதை நடுவில் வைத்துத்தான் மற்றதெல்லாம்.

மில்லைப் பெருக்க வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கும் சென்னைதான். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்த பிறகு, நாத்தனாரை நம்பி இங்கே வந்து கழனி வேலைக்குப் போகிறவர். கதவுகளை ஏற்றிப்போக லாரி வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, டவுனுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன், பதினோரு கதவும் பளபளவென்று நிற்கின்றன. கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தார். நம்பரைக் காணோம். என் பெயிண்ட் தின்னரையே எடுத்துத் துடைத்திருக்கிறார்.

கண்மண் தெரியாத கோபம் எனக்கு. "யாரக் கேட்டுத் தொட்டீங்க? ஆறு மாச உழைப்பு!" என்று கத்தினேன்.

"வெள்ளிக்கெயம சார். வாசக் கதவு மூளியா நிக்கக் கூடாது. அந்த நம்பரு வியுந்தா வூடு நிக்காது. அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது, நிறுத்திக்கொண்டேன். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. விடிந்தால் லாரி வந்துவிடும். செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்து, மஞ்சளைத் துடைத்துவிட்டு, அதே நம்பரைச் சிவப்புப் பெயிண்டில் திரும்ப எழுத ஆரம்பித்தேன். கதவு ஆடியது. பிடிக்கச் சொன்னேன். வந்து பிடித்துக்கொண்டார்.

முதல் எண்ணே கோணலாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். அதுவும் சரியாக வரவில்லை.

"அன்னிக்கி எங்க வூட்டுக்கு நம்பர் போட வந்த ஆளும் இப்டித்தான் சார்" என்றார் அவர். "நேரா வரணும்னு அழிச்சி அழிச்சி எழுதினாரு. நான்தான் கதவப் புட்சிக்கினு நின்னேன்."