டெல்டாவின் மேல் ஓர் இரண்டு

என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த பழங்காநத்தத்துக்காரரின் இயந்திரத்தில் கிரேக்க எழுத்துகள் இல்லை. குறியீடு வரும் இடங்களில் இடைவெளி விட்டுக் கொடுப்பார். நாம் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து பிரதிகள். செவ்வாய்க்கிழமை மாலை செல்லூர் வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமையோடு முனைவர் பட்டத்துக்கான பதிவுக்காலம் முடிகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது.

ஆய்வுப் பொருள், கணிதத்தில் பொதுமைப்படுத்திய சார்புகள். அவற்றில் முதலில் வருவது டெல்டா. கணத்தில் விழுந்து முடியும் ஓர் அடி என்று அதை எண்ணிக்கொள்ளலாம். அடுத்த வீட்டு விசைத்தறியில் ஊடைநூலோடு குறுக்கே ஓடும் நாடா மோதும் ஒவ்வொரு முறையும் என் மைக்கூட்டில் மை நடுங்கும். அந்த அடியை நான் பார்த்ததில்லை. மையில் அது செய்வதை வைத்தே அறிவேன். டெல்டாவும் அப்படித்தான். இந்தப் புள்ளியில் உன் மதிப்பு என்ன என்று அதைக் கேட்கக் கூடாது. வேறொரு சார்பின் மேல் அது என்ன செய்கிறது என்றுதான் கேட்கலாம்.

மூன்றாம் பிரதி, அறுபத்தொன்றாம் பக்கம். டெல்டா போட்டு, அதன் தலைமேல் சிறிய இரண்டைப் போட்டதும் கை நின்றுவிட்டது. டெல்டாவை அதனாலேயே பெருக்கியிருக்கிறேன். பத்தில் ஒரு பங்கு அகலம், பத்து உயரம் உள்ள செவ்வகத்தின் பரப்பு ஒன்று. பரப்பு மாறாமல் அதை ஒடுக்கிக்கொண்டே போனால் டெல்டாவை நெருங்கலாம். ஆனால் உயரத்தை வர்க்கமாக்கினால் நூறு, பரப்பு பத்தாகிவிடும். ஒடுக்க ஒடுக்க நூறு, ஆயிரம் என்று ஏறும், எங்கும் நிற்காது. அந்தப் பெருக்கலுக்குப் பொருளே இல்லை. நான்காம் அத்தியாயம் முழுவதும் அதன்மேல்தான் நின்றது.

"இன்னும் எம்புட்டுங்க இருக்கு?" ஒற்றுத்தாளோடு நின்ற என் மனைவி கேட்டாள்.

"ரெண்டரைப் பிரதி" என்றேன்.

மறுநாள் நெறியாளரிடம் பக்கத்தைக் காட்டினேன். என்னைவிட நான்கு வயது இளையவர்.

"ஆறு வருசமா நானே பாக்கல சார். தேர்வாளர் பாத்துருவாராக்கும்?"

"அதான் சார் பயமா இருக்கு."

"திருத்த எம்புட்டு நாளாகும்?"

"திருத்த முடியுமான்னே தெரியல."

"அப்பப் பேசாமக் குடுத்துட்டு வாங்க. டாக்டர்னு கூப்பிட மொத ஆளா நான் நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு பிரதிகளைக் கொடுத்து ரசீது வாங்கினேன். நான்கிலும் அந்த இரண்டு இருந்தது. யாரும் கேட்கவில்லை, பட்டம் வந்தது. நான் பாடம் நடத்தும் கல்லூரியின் வாசலில் காவலாளிகூட "டாக்டர் சார்" என்று வணக்கம் வைப்பார். ஒவ்வொரு முறையும் எனக்குள் அறுபத்தொன்றாம் பக்கம் திறந்துகொள்ளும்.

ஐந்தாம் பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் அந்த இடைவெளியை நான் நிரப்பவில்லை. விடுமுறைதோறும் அங்கே எழுதத் தகுந்த ஒன்றைத் தேடுகிறேன். இதுவரை கிடைக்கவில்லை.